உதவி எண்ணில் தமிழ் உண்டு. பேச இடம் உண்டா?

தில்லி லக்ஷ்மிபாய் நகர் அரசு குடியிருப்பிலிருந்து எய்ம்ஸ் மருத்துவமனைக்கு நடந்தே போய்விடலாம். நாட்டின் முதல்நிலை மனநலத் துறைகளில் ஒன்று இத்தனை பக்கத்தில் இருக்கும்போது, இங்கே வசிக்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குக் கைபேசி வழியாக மனநல உதவி எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் குவார்ட்டர்ஸ் வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு விடையும் தெரியும். மாடியில் இருப்பவர் அப்பாவின் அலுவலகத்தில் வேலை பார்ப்பார். எதிர்வீட்டு அத்தை அம்மாவோடு கோயிலுக்குப் போகிறவர். புறநோயாளிப் பிரிவு வரிசையில் யாராவது ஒருவர் பார்த்துவிட்டால் சாயங்காலத்துக்குள் சேதி வீட்டுக்கு வந்துவிடும். 2015-16-இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதவர்களின் பங்கு நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் வரை இருப்பதாகச் சொன்னது. மருத்துவர் பற்றாக்குறை இதற்குப் பெரிய காரணம். கூச்சமும் அச்சமும் அதற்குச் சளைத்தவை அல்ல. அந்தக் கூச்சத்தைத் தாண்டும் வழியாகத்தான் 2022 அக்டோபர் 10 அன்று டெலி-மானஸ் என்ற தேசிய மனநல உதவி எண் தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் அதன் தலைமை மையம். இருபது மொழிகளில் சேவை கிடைக்கிறது, தமிழும் அதில் உண்டு. 2024-இல் செயலியும் வந்துவிட்டது. அப்படியானால் தில்லித் தமிழ் இளைஞரின் பிரச்சினை தீர்ந்ததா? தீரவில்லை என்பதே என் வாதம். மொழி இதில் எளிதான பகுதி. அது பெரும்பாலும் முடிந்துவிட்டது. கைபேசி யார் கையில் இருக்கிறது, எந்த மூலையில் உட்கார்ந்து பேசுவது, யாருக்குத் தெரியக் கூடாது, அவரை அழுத்தும் கவலை எது என்பவற்றுக்கு ஏற்பச் சேவையை வடிவமைக்கும் வேலை இன்னும் தொடங்கவே இல்லை.

இதைப் புரிந்துகொள்ள மக்காவ் வரை போய்வர வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ‘ஸ்டெப் பை ஸ்டெப்’ என்ற இணையவழித் திட்டம் ஒன்றை உருவாக்கியது. மனச்சோர்வுக்கான ஐந்து அமர்வுகள், படங்களோடு சொல்லப்படும் ஒரு கதாபாத்திரத்தின் கதை, வாரம் ஒருமுறை சிறிது நேரம் பேசி ஊக்கப்படுத்தும் பயிற்சி பெற்ற உதவியாளர் – இவ்வளவுதான் அதன் உடல். மனம் சரியாகட்டும் என்று தள்ளிப்போட்ட சின்னச் சின்னக் காரியங்களை முதலில் செய்யத் தொடங்கினால் மனம் பின்னாலேயே தேறும் என்பது அதன் உயிர். லெபனானில் உள்ளூர் மக்களிடமும் சிரிய அகதிகளிடமும் சோதித்துப் பார்த்ததில் பலன் இருந்தது. முடிவுகள் 2022-இல் வெளியாயின. பாதியில் விட்டவர்களும் ஏராளம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்தத் திட்டத்தை மக்காவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சீன இளைஞர்களுக்காகத் திருத்தி அமைத்தார்கள். அதில் உதவியாளராக வருபவர் மருத்துவர் அல்ல, ஏறத்தாழ ஒத்த வயதுடைய இன்னொருவர். சீனாவில் மனச்சோர்வை மனச்சோர்வு என்று சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் போகும் வழக்கம் குறைவு என்பது பழைய செய்தி. 1980-இல் ஹுனான் மாகாணத்தில் மனநல ஆய்வாளர் ஆர்தர் கிளைன்மன் ஆராய்ந்த, நரம்புத் தளர்ச்சி என்று பெயர் சூட்டப்பட்டிருந்த 100 நோயாளிகளில் 87 பேருக்கு உண்மையில் இருந்தது பெரும் மனச்சோர்வு. தலைவலி, தூக்கமின்மை, அசதி என்று உடம்பின் வழியே சொன்னார்கள். நம் வீடுகளிலும் அப்படித்தான். மக்காவ் அனுபவத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அதே ஊரில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தொழிலாளர்களுக்கு, அதே திட்டத்தின் தனி வடிவம் ஒன்று தயாரானது. பல்கலைக்கழக மாணவரின் சோர்வும், பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்து அந்நியர் வீட்டில் வேலை பார்க்கும் தாயின் சோர்வும் ஒரே நகரத்தில் இருந்தாலும் ஒரே கதைக்குள் அடங்காது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு தில்லிக்குத் திரும்பினால், ‘தில்லித் தமிழர்’ என்ற ஒற்றைப் பெட்டி உடனே உடைகிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளில் ஒன்று லக்ஷ்மிபாய் நகரில் இருக்கிறது. மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகளுக்கு இங்கு கவலை என்றால் பெரும்பாலும் போட்டித் தேர்வு, மதிப்பெண், அப்பாவின் டிரான்ஸ்ஃபர், ஓய்வுபெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய தேதி. அதே கழகத்தின் பள்ளிகளில் வீட்டுவேலைக்கும் கூலிவேலைக்கும் போகும் பெற்றோரின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரமாக இருந்த மதராசி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று நீதிமன்ற உத்தரவின்படி இடிக்கப்பட்டது. அங்கிருந்த 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்குத்தான் மாற்று வீட்டுக்குத் தகுதி கிடைத்தது. அதுவும் நகரின் மறுகோடியில் இருக்கும் நரேலாவில். அந்தக் குடும்பத்துப் பெண்ணுக்கு வரும் தூக்கமின்மைக்கு, ‘மாலையில் பூங்காவில் சிறிது நடந்து வா’ என்று ஒரு செயலி தூய தமிழில் ஆலோசனை சொன்னால் அது கேலியாகத்தான் ஒலிக்கும். இந்த இரு வகைப் பிள்ளைகளும் வீட்டில் தமிழும் தோழர்களோடு இந்தியும் பேசுகிறவர்கள். ‘மனம் சரியில்லை’ என்பதை இந்தியில் எளிதாகச் சொல்லிவிட்டு, அம்மாவைப் பற்றிய கோபத்தைத் தமிழில் மட்டுமே சொல்ல முடிகிறவர்களும் அவர்களில் உண்டு. ஒரு மொழியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அதிலேயே பேசச் சொல்லும் எந்த ஏற்பாடும் இவர்களைப் பாதியாகத்தான் கேட்கும்.

இதைவிடப் பெரிய தடை வீட்டின் அமைப்பு. மேற்கில் உருவான பெரும்பாலான செயலிகள், தனி அறையும் சொந்தக் கைபேசியும் உள்ள ஒற்றை ஆளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில் பாட்டியும் தங்கையும் இருக்கும்போது ஆலோசகரிடம் வாய்விட்டுப் பேச இடம் ஏது? எழுத்தில் உரையாடும் வசதி, திரையில் எதையும் காட்டிக்கொடுக்காத அறிவிப்பு, பார்த்தால் பாடச் செயலி போலத் தோன்றும் பெயரும் சின்னமும் – இவை அலங்காரங்கள் அல்ல, உதவி சென்று சேருமா என்பதையே தீர்மானிப்பவை. அதற்காகக் குடும்பத்தை எதிரியாக்கி வடிவமைத்தாலும் தவறுதான். நம்மிடையே சிகிச்சைக்கு அழைத்துப்போவதும், மாத்திரையை நினைவூட்டுவதும், ராத்திரி கண்விழித்துக் காவல் இருப்பதும் பெற்றோர்தான். எப்போது, யாரிடம், எவ்வளவு சொல்வது என்ற முடிவு இளைஞர் கையில் இருக்க வேண்டும்; அவர் விரும்பும் நாளில் அம்மாவையோ அண்ணனையோ உள்ளே அழைக்கும் கதவு இருக்க வேண்டும். சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. மருத்துவ நிறுவனங்களுக்கு விதிகளில் விலக்கு உண்டு. வணிகச் செயலியைத் திறக்கும் பதினேழு வயதுப் பிள்ளைக்கோ, அப்பாவைப் பற்றிப் பேச அப்பாவிடமே அனுமதி வாங்கும் நிலை வரும்.

இதெல்லாம் வெறும் ஊகம் என்று தள்ள முடியாதபடி தில்லியிலேயே சான்று இருக்கிறது. சங்காத் என்ற தொண்டு அமைப்பின் ‘பிரைடு’ ஆய்வுத் திட்டம் புது தில்லியின் ஆறு அரசுப் பள்ளிகளில், 251 மாணவர்களிடம், பிரச்சினையைப் பகுத்துத் தீர்வு தேடும் எளிய முறை ஒன்றைச் சோதித்தது. முடிவு 2020-இல் வெளியானது. ஒரு பகுதியினருக்குக் கையேடு மட்டும்; இன்னொரு பகுதியினருக்குக் கையேட்டோடு, மருத்துவப் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகரின் துணை. ஆறு வாரத்தில், தாங்களே குறிப்பிட்ட பிரச்சினைகளின் பாரம் இரண்டாம் பிரிவினருக்கு அதிகம் குறைந்தது. நோய்க்குறிகளை அளந்ததில் அந்தக் கட்டத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. நேர்மையாகப் பார்த்தால் இது அடக்கமான வெற்றி. ஆயினும் இரு பிரிவினருக்கும் ஒரே கையேடு, ஒரே மொழி, ஒரே பள்ளிச் சூழல். கூடுதலாக இருந்தது ஒரு மனிதர். வகுப்பறையில் வந்து நேரடியாக விளக்கியபோது தாமாக உதவி தேடி வந்த மாணவர்களின் எண்ணிக்கையும் கூடியது என்று அதே திட்டத்தின் மற்றொரு ஆய்வு காட்டியது.

எதிர்வாதங்களில் வலுவானது ஆய்வுலகத்திலிருந்தே வருகிறது. பண்பாட்டுக்கேற்ற திருத்தம் கூடக்கூடப் பலனும் கூடுகிறது என்று 2016-இல் ஒரு தொகுப்பாய்வு சொன்னது. அதைவிட விரிவான 2021-ஆம் ஆண்டு ஆய்வு, திருத்தத்தின் அளவுக்கும் பலனுக்கும் தெளிவான தொடர்பு இல்லை என்று முடித்தது. அப்படியிருக்க ஒவ்வொரு சமூகத்துக்கும் தனிப் பதிப்பு என்று பணத்தைக் கொட்டுவானேன்? இந்த முடிவை நான் மறுக்கவில்லை. கதாபாத்திரத்தின் பெயரை மாற்றுவது, புடவை கட்டிய படம் போடுவது, பழமொழி சேர்ப்பது எல்லாம் எண்ணிக்கையில் திருத்தங்களாகச் சேரும். வாழ்க்கையைத் தொடாத அவை எத்தனை சேர்ந்தாலும் பலனும் மாறாது. பதிப்புகளைப் பெருக்கச் சொல்வது என் நோக்கமும் அல்ல. உள்ளிருக்கும் முறை ஒன்றாகவே இருக்கட்டும். நுழைவாயிலும் துணைக்கு வரும் ஆளும் மாறட்டும். இன்னொரு வாதம், உரையாடும் செயற்கை நுண்ணறிவு எந்த மொழியிலும், கலப்பு மொழியிலும்கூடப் பேசுகிறதே என்பது. உண்மைதான், சில பிள்ளைகளுக்கு அதுவே முதல் செவி. ஆனால் அமெரிக்காவில் புகழ்பெற்றிருந்த ‘வோபாட்’ செயலி 2025 ஜூனில் மூடப்பட்டபோது அதை நம்பியிருந்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. நள்ளிரவில் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் நினைப்பைச் சொன்னால் எந்த மருத்துவமனைக்கு, யாரோடு, எப்படிப் போவது என்பதற்கு உள்ளூரில் பொறுப்பேற்க ஆள் வேண்டும்.

அழைப்புக்காகக் காத்திருக்காமல் தானே அழைத்த அரசும் நம்மிடம் உண்டு. 2021 செப்டம்பரில் நீட் தேர்வை ஒட்டி மாணவர் தற்கொலைகள் நடந்தபோது, தேர்வெழுதிய ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களை 104 சுகாதார உதவி எண் வழியே ஆலோசகர்கள் தொடர்புகொள்ளத் தமிழ்நாடு அரசு ஏற்பாடு செய்தது. ‘எனக்கு உதவி வேண்டும்’ என்று வாய்திறந்து கேட்பதுதான் நம் பிள்ளைகளுக்கு மலை. அந்த மலையை மறுமுனையில் இருந்தவர் ஏறிக் கடந்தார். தில்லியில் இதே வேலையைச் செய்யத் தமிழ்ப் பள்ளிகளிடம் மாணவர் பட்டியலும் பழைய மாணவர் வட்டமும் இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரியில் இருக்கும் முன்னாள் மாணவர்களுக்குச் சில வாரப் பயிற்சி கொடுத்து, எய்ம்ஸ் அல்லது தில்ஷாத் கார்டனில் உள்ள இஹ்பாஸ் மனநல மருத்துவமனை மருத்துவர்களின் மேற்பார்வையில் டெலி-மானஸோடு இணைக்கலாம். லக்ஷ்மிபாய் நகர்ப் பிள்ளைக்குத் தேர்வு முடிவு வரும் வாரத்திலும், நரேலாவுக்குப் போன பிள்ளைக்குப் பள்ளி மாறும் வாரத்திலும் முதல் குறுஞ்செய்தி அந்த அண்ணனிடமிருந்தோ அக்காவிடமிருந்தோ போகட்டும், அவர்கள் பேசும் அதே கலப்பு மொழியில். இதற்குப் புதிய செயலி தேவையில்லை. மேற்பார்வைக்கு மருத்துவரின் நேரமும், பயிற்சி பெற்றவர்களுக்கு ஒரு மாதாந்தரத் தொகையும் தேவை. டெலி-மானஸுக்கு ஒதுக்கப்படும் பணத்தில் மொழிபெயர்ப்புக்கும் விளம்பரத்துக்கும் அடுத்ததாகவாவது இந்தச் செலவு இடம்பெறுமா என்பதை வரும் பட்ஜெட் கணக்குகளில் பார்க்கலாம்.