பல்கலைக்கழகப் பிள்ளைகளின் வெளிநாட்டுப் பயணம்: கையொப்பமிடும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை

பால்வெட்டுத் தொழிலாளரின் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் பயில்வது இன்று நம் தோட்டப்புறங்களில் புதுமையன்று. அவ்வாறு பயிலும் பிள்ளைகளுள் சிலர், படிப்பின் இடையே வெளிநாட்டுக்கு அனுப்பப்படுவதற்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். அச்சமயம் வீட்டுக்கு ஓர் இசைவுப் பாரம் வருகின்றது. தந்தையோ தாயோ அதில் கையொப்பமிட வேண்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோ அச்சிடப்பட்ட அந்தப் பாரத்தைக் கண்டதும், அரசாங்கப் பல்கலைக்கழகம் அனுப்பியதாயிற்றே என்று படித்துப் பாராமலே கையொப்பமிடுவோர் உண்டு. கண்காணாத தேசத்துக்குப் பிள்ளையை, அதிலும் பெண் பிள்ளையை, எப்படி அனுப்புவது என்று மறுத்துவிடுவோரும் உண்டு. இவ்விரண்டுமே பிள்ளைக்கு நன்மை தருவன அல்ல என்பது நம் கருத்து. அந்தப் பாரத்துக்குப் பின்னால் என்னென்ன ஏற்பாடுகள் உள்ளன என்பதை அறிந்தபின் முடிவு செய்வதே முறையாகும்.

இத்தகைய பயணங்கள் பல வகைப்படும். ஒரு கல்விப் பருவம் முழுவதும் வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பயின்று, அங்குப் பெற்ற தேர்ச்சியை இங்குள்ள பட்டத்திற்குக் கணக்கில் சேர்த்துக்கொள்வது ஒரு வகை. மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய 3 நாடுகளும் 2010 ஆம் ஆண்டில் இவ்வாறு மாணவர்களைப் பரிமாறிக்கொள்ளத் தொடங்கிய திட்டம், பின்னர் ஆசியான் வட்டாரத்தின் பிற நாடுகளுக்கும் விரிவடைந்தது. இவையன்றி, ஓரிரு வாரங்களுக்குத் தொண்டுப் பணிக்கோ, போட்டிக்கோ, தொழிற்பயிற்சிக்கோ செல்லும் பயணங்களும் உள்ளன.

எவ்வகையாயினும், மாணவர் தம் விருப்பப்படி பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட இயலாது. அழைக்கும் நிறுவனத்தின் கடிதம் முதலில் வேண்டும். அதனுடன் செய்யப்படும் விண்ணப்பம், அவர் பயிலும் துறையின் ஒப்புதலைப் பெற்று, மாணவர் விவகாரப் பிரிவுக்குச் செல்லும். எங்கே தங்குவார், யார் பொறுப்பில் இருப்பார், குழுவாகச் சென்றால் உடன் செல்லும் விரிவுரையாளர் அல்லது அதிகாரி யார், செலவை ஏற்பவர் யார் என்பனவெல்லாம் ஆராயப்படும். செல்லும் நாட்டின் நிலைமை குறித்து நம் வெளியுறவு அமைச்சு ஏதேனும் எச்சரிக்கை விடுத்திருக்கின்றதா என்பதும் பார்க்கப்படும். கலவரமோ, நோயோ, நிலநடுக்கமோ ஏற்பட்டால் பயணம் கடைசி நேரத்திலும் நிறுத்தப்படலாம். வாங்கிவிட்ட விமானச் சீட்டின் பணம் அப்போது யாருடைய நட்டம் என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளட்டும். கேட்பதில் குறையொன்றும் இல்லை. அது நம் வியர்வையில் விளைந்த பணம்.

இத்தனை தாள்கள் எதற்கு, கையில் கைத்தொலைபேசிதான் இருக்கின்றதே என்று பிள்ளைகள் சலித்துக்கொள்வதுண்டு. எகிப்தில் நடந்தது அதற்குத் தக்க விடை. 2011 ஜனவரி 25 ஆம் நாள் அங்கு மக்கள் கிளர்ச்சி மூண்டது. சில நாட்களுக்குள் அந்நாட்டு அரசாங்கம் இணையத்தைத் துண்டித்தது. கைத்தொலைபேசிகளும் ஊமையாயின. கெய்ரோவிலும் அலெக்சாந்திரியாவிலும் மற்ற நகரங்களிலும் மருத்துவமும் சமயக் கல்வியும் பயின்றுகொண்டிருந்த மலேசிய மாணவர்கள் ஆயிரக்கணக்கானோர். பிள்ளையின் குரலைக் கேட்க வழியின்றிப் பெற்றோர் இங்கே தவித்தனர். நம் அரசாங்கம் ஆகாயப் படை விமானங்களையும் பயணிகள் விமானங்களையும் அனுப்பி, அம்மாணவர்களை முதலில் சவூதி அரேபியாவின் ஜெட்டா நகருக்கும், அங்கிருந்து தாயகத்துக்கும் கொண்டு வந்தது. 2024 ஜூலையில் வங்காளதேசத்தில் மாணவர் போராட்டம் முற்றி, ஊரடங்கு போடப்பட்டு இணையம் நிறுத்தப்பட்டபோதும், அங்கிருந்த மலேசிய மாணவர்கள் தனி விமானத்தில் அழைத்து வரப்பட்டனர்.

விமானம் அனுப்புவது ஒரு வேலை. யாரை எந்தத் தெருவில், எந்த வீட்டில் போய்த் தேடுவது என்பது மற்றொரு வேலை. தொலைபேசி பேசாத நாளில் எழுத்தில் இருக்கும் முகவரி ஒன்றே பேசும். எனவேதான் வெளிநாடு செல்லும் மாணவர், அந்நாட்டிலுள்ள மலேசியத் தூதரகத்தில் தம் பெயரையும் தங்குமிடத்தையும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று பல்கலைக்கழகங்கள் வற்புறுத்துகின்றன. வெளியுறவு அமைச்சின் இணையப் பக்கத்தின் வழியாகப் புறப்படும் முன்பே இதனைச் செய்யலாம், கட்டணம் இல்லை. தங்குமிடம் மாறினால் பதிவையும் மாற்ற வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

அதே விவரங்கள் வீட்டிலும் இருத்தல் வேண்டும். பிள்ளையின் கடப்பிதழ்ப் பக்கத்தின் நகல், விமான எண்ணும் நாளும், தங்குமிட முகவரி, பல்கலைக்கழகத்தில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கக்கூடிய அதிகாரியின் எண், தூதரகத்தின் எண், காப்புறுதி எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, சாமி படத்துக்குப் பக்கத்திலோ அலமாரிக் கதவிலோ ஒட்டி வைக்கலாம். கைத்தொலைபேசிக்குள் மட்டும் வைத்திருந்தால், அது பழுதடையும் நாளில் யாவும் போய்விடும். கடப்பிதழைப் பற்றி மற்றொன்று: திரும்பி வரும் நாள்வரை அது செல்லுபடியானால் போதும் என்று எண்ணலாகாது. குறைந்தது 6 மாத காலம் எஞ்சியிருக்க வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. விமான நிலையத்தில் வந்து இதனை அறிவதில் பயனில்லை.

இனி, காப்புறுதி. நம் நாட்டு அரசாங்க மருத்துவமனையில் சில வெள்ளியில் முடிந்துவிடும் சிகிச்சைக்கு, அந்நிய நாடுகளில் அந்நாட்டார் அல்லாதவரிடம் பெருந்தொகை கேட்பார்கள். கால் முறிந்து அறுவை செய்வதற்கான செலவு, தோட்டத்தில் ஒரு குடும்பம் பல ஆண்டு உழைத்தாலும் ஈடுகட்ட இயலாத அளவுக்குப் போகலாம். எனவே பயணக் காப்புறுதி இன்றிப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக அனுமதி தருவதில்லை. சில நாடுகளும் அதனைக் கேட்கின்றன. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குரிய விசா பெறுவோர் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்புறுதியைக் காட்ட வேண்டும். பிரிட்டனில் 6 மாதத்துக்கு மேல் பயிலச் செல்வோர், விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே அந்நாட்டு மருத்துவச் சேவைக்கென்று தனிக் கட்டணம் செலுத்த வேண்டும்.

காப்புறுதி இருந்தால் எல்லாவற்றுக்கும் பணம் கிடைக்கும் என்று நினைப்பது பெருந்தவறு. உரிமம் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டி விழுந்தவருக்குக் காப்புறுதி நிறுவனங்கள் பொதுவாக ஒரு காசும் தரா. விடுமுறைத் தலங்களில் வாடகைக்கு மோட்டார் சைக்கிள் எளிதாகக் கிடைக்கின்றது. நம் பிள்ளைகளோ செம்மண் பாதையில் ஓட்டிப் பழகியவர்கள், அஞ்சமாட்டார்கள். அங்கேதான் ஆபத்து. வியட்நாம், கம்போடியா, பிலிப்பீன்ஸ் போன்ற நாடுகளில் வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்கின்றன. இடப்புறம் செல்லும் வண்டிகளைப் பார்த்துப் பழகிய கண், சாலையைக் கடக்கும்போதுகூட ஏமாந்துவிடும். அவ்வாறே, ஆஸ்துமா, இழுப்பு, இருதயக் கோளாறு முதலிய நோய்களை மறைத்துப் பாரத்தை நிரப்பினால், பின்னர் அந்நோய்க்குச் செய்யும் செலவைக் காப்புறுதி ஏற்காமல் போகலாம். பெண்ணுக்கு இழுப்பு உண்டென்று எழுதினால் நாளைக்கு வரன் அமையாது என்று மறைக்கின்ற தாய்மார்கள் உண்டு. அந்தத் தாளை மாப்பிள்ளை வீட்டார் படிக்கப் போவதில்லை, மருத்துவர்தாம் படிப்பார்.

அன்றாடம் உட்கொள்ளும் மருந்தை மருத்துவரின் சீட்டுடன், கடையில் வாங்கிய உறையிலேயே கொண்டு செல்ல வேண்டும். இங்கே சாதாரணமான மருந்து வேறு நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கலாம். மூக்கடைப்புக்குத் தரப்படும் சூடோஎபெட்ரின் என்னும் மருந்து 10 விழுக்காட்டுக்கு மேல் கலந்திருந்தால், ஜப்பானுக்குள் அதனைக் கொண்டு செல்லலாகாது. தெரிந்தவர் கொடுத்தார் என்று பிறருடைய பொட்டலத்தைச் சுமந்து செல்வது எவ்வகையிலும் கூடாது. அண்டை நாடான சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேற்பட்ட ஹெராயினைக் கடத்தியதாகத் தீர்ப்பானால் மரண தண்டனை. எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்புவது மிக அரிது.

இவற்றையெல்லாம் அறிந்த பின் அந்த இசைவுப் பாரத்துக்கு வருவோம். நம் நாட்டில் 1971 ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பியவர் வயது வந்தவராவார். ஆயினும் பல்கலைக்கழகம் பெற்றோரைக் கேட்கின்றது; குடும்பம் அறியாமல் பிள்ளை நாடு கடந்து செல்லலாகாது என்பதே அதன் நோக்கம். ஏதேனும் நேர்ந்தால் பல்கலைக்கழகத்தைப் பொறுப்பாளியாக்க மாட்டேன் என்ற வாசகமும் சில பாரங்களில் காணப்படும். அந்த வாசகம் எதை உள்ளடக்குகின்றது, எதை உள்ளடக்கவில்லை என்பதைப் பிள்ளையையே வாய்விட்டுப் படித்துப் பொருள் சொல்லச் சொல்லுங்கள். விளங்காவிடில் தோட்டத்துப் பள்ளி ஆசிரியரிடமோ அலுவலகக் கிராணியாரிடமோ காட்டலாம். மாணவர் விவகாரப் பிரிவை நேரே தொலைபேசியில் அழைத்துக் கேட்கவும் பெற்றோருக்கு உரிமை உண்டு. இத்தகைய பாரங்களுக்குத் தமிழில் ஒரு விளக்கத் தாளையும் பல்கலைக்கழகங்கள் சேர்த்து அனுப்பினால் பேருதவியாக இருக்கும்.

பெண் பிள்ளைகளின் பெற்றோர், தங்குமிடம் பெண்களுக்கென்று தனியாக உள்ளதா, உடன் செல்வோரில் பெண் அதிகாரி உண்டா, இரவில் வெளியே செல்வதற்கு என்ன விதி என்று கேட்கலாம். தகுந்த விடை வந்தால், பெண் என்ற ஒரே காரணத்துக்காகப் பாரத்தைத் திருப்பி அனுப்புவது நியாயமாகாது. ரஜூலா கப்பலில் இந்நாட்டுக்கு வந்து இறங்கியோரில் நம் பாட்டிமார்களும் இருந்தனர். அவர்களுக்குக் காப்புறுதி எழுதியவர் எவரும் இல்லர்.

பல்கலைக்கழகப் பயணத்தையும் போலி வேலை வாய்ப்பையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது. அண்மை ஆண்டுகளில் கைநிறையச் சம்பளம் என்ற ஆசை வார்த்தையை நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் சென்ற நம் இளைஞர்கள் பலர், மோசடிக் கும்பல்களிடம் சிக்கி அடைபட்டுக் கிடந்தனர். பல்கலைக்கழகம் அனுப்பும் பயணத்தில் முத்திரையிட்ட அனுமதிக் கடிதம் இருக்கும். பொறுப்பான அதிகாரியின் பெயர் இருக்கும். அது இல்லாமல் உடனே புறப்படு என்று அவசரப்படுத்தும் அழைப்பை நம்ப வேண்டாம்.

பிள்ளை அயல்நாட்டில் இருக்கும் வேளையில் வீட்டுக்கு வரும் அழைப்புகளிலும் விழிப்பு வேண்டும். உங்கள் மகன் விபத்தில் சிக்கிவிட்டான், உடனே இந்தக் கணக்கில் பணம் போடுங்கள் என்று ஒருவர் பதறினால், அழைப்பைத் துண்டித்துவிட்டு, கதவில் ஒட்டிய தாளிலுள்ள அதிகாரியை அழையுங்கள். தனியார் ஒருவரின் வங்கிக் கணக்கில் பணம் கேட்பது பல்கலைக்கழகத்தின் வழக்கமன்று. ஏமாந்து பணம் அனுப்பியிருந்தால், கணமும் தாமதியாமல் 997 என்ற எண்ணுக்கு அழைத்துத் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்திடம் தெரிவிக்க வேண்டும். பணம் கைமாறுமுன் தடுத்து நிறுத்த முடியுமா என்பது அந்தச் சில மணி நேரத்தைப் பொறுத்தது.

வாரத்தில் எந்நாள், எந்நேரம் பேசுவது என்பதைப் புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். ஜப்பான் நம்மைவிட ஒரு மணி நேரம் முந்தியது. லண்டன் குளிர்காலத்தில் 8 மணி நேரமும், கோடையில் 7 மணி நேரமும் பிந்தியது. நாம் காலை 6 மணிக்குப் பெரட்டுக்குச் செல்கையில், குளிர்கால லண்டனில் முதல் நாள் இரவு 10 மணி. பிள்ளை உறங்கச் செல்லும் நேரம் அது.