உடன்படிக்கையும் காமன் கூத்தும்

பதுளைப் பக்கம் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பார்கள். "வெளிநாட்டுக் கொள்கை கொழும்பிலும் டில்லியிலும் பேசுகிற விஷயம். காமன் கூத்து நம்ம தோட்டத்தில் மாசி மாதம் ஆடுகிறது. இரண்டையும் ஏன் சேர்த்தே பேசுகிறீர்கள்?" தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை. இன்னொரு கோப்பை ஊற்றிக்கொள்ளுங்கள், முதலிலிருந்து வருவோம்.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. பதுளையில் எஸ்.எம். சுப்பையா, தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அது. தகப்பன் இந்த மண்ணில் பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டும். லயத்துக் காம்பராவில் பிறந்து, மலையிலேயே செத்துப்போன பாட்டனுக்கு யார் பிறப்புச் சான்றிதழ் எடுத்து வைத்திருப்பார்கள்? மறு ஆண்டு வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் அந்த ஏழு இடங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இதற்குப் பிறகுதான் நம்முடைய வீட்டு விஷயம் வெளியுறவு விஷயமாக மாறியது. "இவர்கள் உங்கள் ஆட்கள்" என்றது கொழும்பு. "உங்கள் நாட்டில் உழைத்து வாழ்கிறவர்கள், உங்கள் பொறுப்பு" என்றார் நேரு. 1954இல் நேருவும் கொத்தலாவலையும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள், காரியம் நகரவில்லை. 1962இல் சீனாவோடு போர் மூண்டபின் இந்தியாவுக்கு அண்டை நாடுகளின் நட்பு முன்னெப்போதையும்விட அவசியமாகிவிட்டது. 1964 மே மாதம் நேரு காலமானார். அதே ஆண்டு அக்டோபர் 30ஆம் திகதி டில்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்து வைத்தார்கள்.

கணக்கை நிதானமாகப் பாருங்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர். இந்தியா எடுத்துக்கொள்வது 5,25,000. இலங்கை குடியுரிமை கொடுப்பது 3,00,000. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தார்கள். 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அவர்களை ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்தார்கள். ஏழு பேர் கப்பலேறினால் நான்கு பேருக்கு இங்கே குடியுரிமை என்பது விகிதம். அந்த மேசையில் மலையகத்தார் ஒருவரும் இல்லை. விண்ணப்பம் கோரியபோது, ஒதுக்கிய எண்ணிக்கையைவிட மிகப் பலர் இலங்கைக் குடியுரிமைக்கே எழுதிக் கொடுத்தார்கள். எங்கே வாழ விருப்பம் என்று கேட்ட பிறகா கணக்குப் போட்டார்கள்? கணக்கைப் போட்டு முடித்த பிறகுதானே கேட்டார்கள்.

இந்தியாவுக்குப் போகப் பெயர் வந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். உடன்படிக்கை எழுதி இரண்டு மாதம் ஆகுமுன் புயல் வந்து தனுஷ்கோடியை அழித்துவிட்டது. அதனால் தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்குத்தான் கப்பல் போனது. மலையிலிருந்து அவர்களை இறக்கிக் கொண்டுபோன ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. செத்த வீட்டில் பாடுவதை உயிரோடு இருக்கிறவர்களுக்குப் பாடினார்கள். அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தங்கைக்கு இலங்கைக் குடியுரிமை என்று பிரிந்த குடும்பங்கள் ஊவாவில் எத்தனையோ உண்டு. போனவர்களில் பலரைக் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் குடியேற்றினார்கள். இங்கே பறித்த கொழுந்தைத்தான் அங்கேயும் பறித்தார்கள். 1984இல் கப்பல் நின்றது.

அரசுகளின் பக்கத்துக் கதை இவ்வளவுதான். நம் பக்கத்துக் கதையை எங்கே எழுதி வைத்தோம்? எழுதவில்லை, ஆடினோம், அடித்தோம், பாடினோம்.

காமன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் ஊன்றுவார்கள். ஆடுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். மதனும் ரதியும் லயம் லயமாக வாசலுக்கு வந்து ஆடுவார்கள். ரதி வேஷமும் வழக்கமாக ஆண்பிள்ளைதான் கட்டுவார். கடைசி இரவில் காமன் பொட்டலில் தோட்டமே கூடி நிற்கும். ஈசனின் தவத்தைக் கலைக்கப் போகாதே என்று ரதி மதனைத் தடுப்பாள். அவன் போவான், நெற்றிக்கண் திறக்கும், எரிந்து போவான். அதற்குப் பிறகு ரதி புலம்புவாள். விடியும்வரை அந்தப் புலம்பலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள், மறுநாள் அது காதில் ஒலிக்க மலைக்குப் போவார்கள்.

அந்தக் கதையின் முடிவைக் கவனியுங்கள். ரதியின் அழுகைக்கு இரங்கி ஈசன் மதனுக்கு உயிர் கொடுக்கிறார். ஆனால் அவன் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான், உலகத்தார் கண்ணுக்குத் தெரியமாட்டான். பழைய புராணம்தான், தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர்கள் கொண்டுவந்தது. 1948க்குப் பிறகு அதைப் பார்த்தவர்களுக்கு அது வேறு அர்த்தமும் கொடுத்திருக்கும் என்று நான் நம்புகிறேன். உயிரோடு இருக்கிறோம், உழைக்கிறோம், பிள்ளை பெறுகிறோம். வாக்காளர் இடாப்பில் மட்டும் இல்லை. நம்மை நமக்குத் தெரிந்தது, நாட்டுக்குத் தெரியவில்லை. நாடற்றவர் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.

கூத்துக்கு அடிக்கும் தப்பு மேளமும் அப்படித்தான், அதற்கும் இரண்டு அர்த்தம் உண்டு. அடிக்குமுன் தீ மூட்டி, தோலை அனலில் காட்டிக் காய்ச்ச வேண்டும். விரலால் தட்டிப் பார்த்து, குரல் ஏறியதும் எடுப்பார்கள். ஒரு கையில் ஒல்லியான நீளக் குச்சி, மறு கையில் தடித்த குட்டைக் குச்சி. விடியலில் பிரட்டுக்கு ஆள் கூப்பிட அடித்ததும் இதே தப்புதான், சாவுக்கும் திருவிழாவுக்கும் அடித்ததும் இதே தப்புதான். அடி மட்டும் மாறும். துரைக்கு அது வேலைக்கு எழுப்பும் மணி. அதே தோலை இரவில் காய்ச்சி எடுத்தால் கூத்துக்கு அடிக்கும் தப்பு. ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும்: தப்பைச் சாதியோடு கட்டி, அடித்தவர்களைத் தள்ளி நிறுத்தியவர்கள் நம்மவர்களே. தப்பைத் தொடக் கூசும் பிள்ளைகளைக் குறை சொல்லுமுன், அந்தக் கூச்சத்தை அவர்கள்மேல் ஏற்றியது யார் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டு நாடுகளின் ஒப்பந்தத்துக்கு நடுவில் மாட்டிக்கொள்வது நமக்கு மட்டும் நேர்ந்ததில்லை. இமயமலைச் சாரலில் டார்ஜிலிங் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கிறவர்கள் பெரும்பாலும் நேபாளி பேசுகிறவர்கள். நேபாளத்திலிருந்து போய் அங்கே தலைமுறைகளாக வாழ்கிறவர்கள். 1950இல் இந்தியாவும் நேபாளமும் சமாதான, நட்புறவு ஒப்பந்தம் செய்தன. இரு நாட்டு மக்களும் அங்குமிங்கும் போய் வாழலாம், வேலை செய்யலாம் என்பது அதில் உண்டு. ஆனால் அந்த ஏற்பாட்டினாலேயே, இந்தியாவில் பிறந்து வளர்ந்த நேபாளி மொழிக்காரர்களையும் அந்நியர் என்று பார்க்கும் பழக்கம் வந்தது. டார்ஜிலிங்கில் 1938இல் பிறந்த இசைக்காரர் அம்பர் குருங். அகம் சிங் கிரி எழுத, இவர் இசையமைத்துப் பாடிய ஒரு பாடல், இந்தியாவில் வாழும் நேபாளிகளை ஒன்பது இலட்சம் நட்சத்திரங்களாகப் பார்த்தது. நம்முடைய எண்ணிக்கையும் ஒன்பது இலட்சத்துச் சொச்சம்தான். டில்லி மேசையில் அது பங்கு போடும் கணக்கு, அங்கே அது பாட்டு. பிறகு அம்பர் குருங் காத்மண்டுவில் குடியேறினார். 2007இல் நேபாளம் புதிய தேசிய கீதத்தை ஏற்றபோது அதற்கு இசையமைத்தவர் அவர்தான். எல்லைக்கு வெளியே பிறந்தவரின் இசையைத்தான் ஒரு நாடு இன்று எழுந்து நின்று பாடுகிறது.

நம்மிடமும் அப்படி ஒருவர் இருந்தார். 1947இல் தலவாக்கலையில் வென்ற அதே சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். சட்டம் யாரையெல்லாம் பதிவேட்டிலிருந்து எடுத்ததோ, அவர்களுடைய குரலை அவர் ஏட்டில் சேர்த்தார். அரசியலை விட்டுப் பாட்டுக்குப் போனார் என்று அதைச் சொல்லக் கூடாது. இரண்டும் ஒரே வேலை.

2003இல் வந்த 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே வாழ்கிறவர்களுக்கும் அவர்கள் வழி வந்தவர்களுக்கும் குடியுரிமை தந்தது. உடன்படிக்கை எழுதிய அதே நாளை வைத்துத்தான் முடிச்சை அவிழ்த்தார்கள். 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் பத்தாயிரம் வீடுகள் கட்டித் தருவதாகச் சொன்னார். 2023இல், நம் முன்னோர்கள் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தோம். குடியுரிமை வந்துவிட்டது, காணியும் சொந்த முகவரியும் இன்னும் எல்லாருக்கும் வரவில்லை. அதைப் பற்றிப் பேச நாளைக்கும் இரண்டு நாட்டு அதிகாரிகள் கூடுவார்கள்.

அதனால் பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கத்துப் பிள்ளைகளிடம் கேட்பது இதுதான். உங்கள் தோட்டத்துக் கூத்து வாத்தியாரிடம் போய் உட்காருங்கள். கையில் ஃபோன் இருக்கிறது. எந்த வேஷத்துக்கு எந்த அடி, எந்தப் பாட்டு எந்தத் தலைமுறையில் வந்தது என்று கேட்டுப் பதிந்து, தோட்டத்தின் பெயரையும் டிவிஷனின் பெயரையும் சேர்த்து வையுங்கள். எங்கள் பாட்டன் இந்தப் பொட்டலில் காமன் ஊன்றினான், இந்த அடியை இங்கே அடித்தான் என்று காட்டக்கூடிய சான்று அது. 1948இல் கேட்ட காகிதம் நம்மிடம் இல்லை. இனி எவர் கேட்டாலும் எடுத்து வைக்க ஒன்று இருக்க வேண்டும், அதைச் சேர்க்கிற வேலை நம்முடையது.