மெதுவா ஓடினா ஹாஃப் மாரத்தான் நேரம் குறையுமா?

நிறைய பேர் கேட்கிற கேள்வி இது: "வாரத்துக்கு நாலு நாள் ஓடுறேன். ஆனாலும் 2 மணி 15 நிமிஷத்துலயே நிக்கிறேன். 2 மணிக்குள்ள எப்படி முடிக்கிறது?"

முதல்ல கணக்கு. 21.1 கிலோமீட்டரை 2:15-ல் முடிக்கிறவருக்கு ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 6 நிமிஷம் 24 விநாடி ஆகுது. 2 மணிக்கு 5:41 வேணும். 43 விநாடி வித்தியாசம்! ஒரே சீசன்ல வந்துடணும்னு அவசியம் இல்லைங்க.

பலரும் நாலு நாளும் ஒரே மாதிரி மூச்சு வாங்க ஓடுறாங்க. உடம்பு தேறவே நேரம் கிடைக்கறதில்லை. மூணு நாள், பக்கத்துல ஓடுறவரோட முழு வாக்கியமா பேச முடியற வேகம் போதும். அதுல ஒரு நாள் தூரம் கூடுதலா இருக்கட்டும். இப்படி நிதானமா, நீண்ட நேரம் ஓடும்போது தசைகள்ல நுண்ணிய ரத்தக் குழாய்களும், சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவும் பெருகுது. வேகத்துக்கு மிச்சம் இருக்கிற ஒரு நாள்: 10 நிமிஷம் வார்ம்-அப், அப்புறம் நாலு வார்த்தைக்கு மேல பேச முடியாத வேகத்துல 20 நிமிஷம். "இவ்ளோ மெதுவாவா?"ன்னு ஈகோ கேட்கும். கேட்டுட்டுப் போகட்டும்.

சென்னைக்காரங்களுக்கு இன்னொன்னு. காலை 5 மணிக்கு பெசன்ட் நகர் பீச்ல வெயில் இல்லை, ஈரப்பதம் இருக்கு. வியர்வை சரியா ஆவியாகாது, உடம்பு சூடு தணியாது. சூட்டை வெளியேத்த ரத்தம் தோலுக்கும் போகணும். அதனால அதே வேகத்துக்கே இதயத் துடிப்பு ஏறும். மே மாசம் வாட்ச் காட்டுற வேகத்தை நம்பாதீங்க, பேச முடியுதான்னு மட்டும் பாருங்க. அதே உழைப்புக்கு என்ன வேகம் வருதுன்னு ஜனவரில பார்த்துக்கலாம்.