கண்ணுக்குத் தெரியாத பூட்டு – 12
ஒரு செஷன், பல கைகள்

காலை பத்து மணிக்கு ஏசி வகுப்புக்கும், பதினொன்றுக்கு ஸ்லீப்பருக்கும் ரயில் தட்கல் முன்பதிவு திறக்கிறது. நாகமலை புதுக்கோட்டையில் அறையெடுத்துத் தங்கியிருக்கும் காமராசர் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் போனில் பொத்தானை அழுத்தும் அதே விநாடியில், நாடு முழுக்க எத்தனையோ விரல்கள் அதே பொத்தானை அழுத்துகின்றன. 2014 ஏப்ரலில் ஐஆர்சிடிசி புதிய டிக்கெட் முறைக்கு மாறியபோது, நிமிஷத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த கொள்ளளவு 7,200 ஆனது. டிக்கெட் எடுக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு பாதுகாப்பான இணைப்பு வேண்டும். ஒருவர் கார்டு எண் இன்னொருவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது.

இப்படிக் கூட்டம் குவியும் இடத்தில் சர்வர் நிரல் வேலையை ஒரே நேரத்தில் ஓடும் பல த்ரெட்டுகளாகப் பிரித்துக்கொள்வது வழக்கம். ஒரு நிரலின் எல்லா த்ரெட்டுகளும் ஒரே மெமரியைப் படிக்கும், ஒரே மெமரியில் எழுதும். வேகம் அதனால்தான் கிடைக்கிறது. இந்த வாரம் பார்க்கப்போகும் ஆபத்தும் அதனால்தான் வருகிறது.

போன வாரம், பாதுகாப்பான இணைப்பைத் தரும் டிஎல்எஸ் முறையின் முதல் கட்டமான ஹேண்ட்ஷேக்கைப் பார்த்தோம். சான்றிதழைச் சரிபார்த்து, இரு தரப்பும் ரகசியச் சாவி ஒன்றை உருவாக்கி முடிக்க நேரமும் பிடிக்கும், பிராசஸரின் உழைப்பும் செலவாகும். டிஎல்எஸ் 1.2-ல் முழு ஹேண்ட்ஷேக்குக்கு இரண்டு முறை போய்த் திரும்ப வேண்டும். ஏற்கெனவே பேசி முடித்தவரோடு மறுபடி பேசும்போது, முன்பு ஒத்துக்கொண்ட விவரங்களை, அதாவது பழைய செஷனைத் தொடர்ந்தால் ஒரு முறை போதும். மளிகைக் கடையில் பற்று நோட்டு வைத்திருப்பவரிடம் யார் எவர் என்று விசாரிக்காமல் சாமானைக் கட்டிக் கொடுப்பதில்லையா, அதுபோல. ஆனால் அந்த நோட்டின் ஒரே பக்கத்தில் கடைக்காரரும் அவர் மகனும் ஒரே நேரத்தில் எழுதினால்? ஒருவர் கணக்கு தீர்ந்தது என்று பக்கத்தைக் கிழிக்க, மற்றவர் அதே பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தால்?

இது கற்பனை இல்லை. உலகின் பெரும்பாலான சர்வர்களுக்கு டிஎல்எஸ் வசதியைத் தரும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்திலேயே மூன்று முறை நடந்திருக்கிறது.

முதலாவது 2010 நவம்பரில் வெளியே வந்தது. கிளையண்ட் அனுப்பும் கூடுதல் விவரங்களை சர்வர் படித்து செஷனுக்குள் எழுதி வைக்கும். இரண்டு த்ரெட்டுகள் ஒரே செஷனைத் தொடர நேர்ந்தால், இரண்டும் ஒரே இடத்தில் எழுதப் போய், ஒதுக்கிய அளவைத் தாண்டி மெமரி சிதைந்தது. பல த்ரெட்டுகளில் ஓடி, ஓப்பன்எஸ்எஸ்எல்லின் உள் செஷன் சேமிப்பையும் பயன்படுத்திய சர்வர்கள் மட்டுமே மாட்டின. அப்பாச்சி தப்பியது, அது அந்த உள் சேமிப்பைத் தொடுவதே இல்லை.

நான்கு வருஷம் கழித்து, 2014 ஆகஸ்டில், அதே வகைத் தவறு எதிர்ப்பக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. இந்த முறை கிளையண்ட். பல த்ரெட்டுகளில் ஓடும் கிளையண்ட் பழைய செஷனைத் தொடரும்போது, கெட்ட எண்ணம் கொண்ட சர்வர் ஒரு குறிப்பிட்ட விவரத்தைத் திருப்பி அனுப்பினால், ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட மெமரியில் 255 பைட் வரை எழுதப்பட்டுவிடும். சர்வர் பக்கம் ஓட்டையை அடைத்தவர்கள் கிளையண்ட் பக்கத்தையும் அன்றே புரட்டிப் பார்த்திருக்கலாமே என்று எனக்கு ஆதங்கம் உண்டு. ஆனால் அந்த ஆண்டு ஏப்ரல் 7-ல் இதே நூலகத்தின் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிவந்தபோதுதான் ஒரு விஷயம் உலகத்துக்கே தெரிந்தது: இத்தனை பெரிய நூலகத்தை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான், பெரும்பாலும் சம்பளமில்லாமல், பராமரித்துவந்தார்கள். குற்றம் சொல்ல வேண்டுமானால், இலவசமாக எடுத்துப் பயன்படுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காத பெரிய கம்பெனிகளைத்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது 2015 ஜூனில். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பழைய செஷனைத் தொடர வரும் கிளையண்டுக்கு சர்வர் புதிய டிக்கெட் ஒன்றைக் கொடுக்கலாம். (ரயில் டிக்கெட் இல்லை; அடுத்த முறை அடையாளம் காட்டுவதற்கான மறையாக்கப்பட்ட சீட்டு.) கிளையண்ட் பழைய டிக்கெட்டின் மெமரியை விடுவித்துவிட்டு, அதே செஷனில் புதியதை வைக்கும். ஒரே செஷனை இரண்டு த்ரெட்டுகள் வைத்திருந்து, இரண்டுக்கும் புதிய டிக்கெட் வந்தால், ஒரே மெமரி இரண்டு முறை விடுவிக்கப்படும். நிரல் அங்கேயே விழலாம், அல்லது சிதைந்த மெமரியோடு ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டே இருக்கலாம். இரண்டாவதுதான் பயங்கரம்.

இதை அவர்கள் சரிசெய்த விதத்தைக் கவனியுங்கள். பகிரப்பட்ட செஷனில் கை வைக்காமல், அதைப் பிரதி எடுத்து, புதிய டிக்கெட்டைப் பிரதியில் வைத்தார்கள். பழைய செஷனை வைத்திருக்கும் த்ரெட்டுகள் பழையதையே பார்த்துக்கொண்டிருக்கும், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. முந்தைய திருத்தங்களும் இதே திசையில்தான் போயின: தொடரப்படும் செஷன் என்றால் அதில் எழுதாதே. பகிர்வது படிப்பதற்கு மட்டும், மாற்ற வேண்டுமென்றால் பிரதி. இந்தத் துறையில் நான் நம்பும் ஒரே விதி இதுதான்.

விதியின் இன்னொரு பாதியை இளம் புரோகிராமர்கள் அடிக்கடி மீறுகிறார்கள். செஷன் வேறு, இணைப்பு வேறு. செஷனைப் பல இணைப்புகள் பகிரலாம், ஒரு இணைப்பைப் பல த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் தொடக் கூடாது. ‘ஒரு த்ரெட் படிக்கட்டும், இன்னொன்று அனுப்பட்டும், இரண்டும் வேறு வேறு வேலைதானே’ என்று எழுதப்பட்ட நிரல்கள் ஏராளம். சாதாரண சாக்கெட்டில் அது செல்லும். டிஎல்எஸ்ஸில் செல்லாது. சாவியைப் புதுப்பிக்கும் செய்தி எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால், படிக்கப் போன த்ரெட்டே பதில் எழுத வேண்டியிருக்கும். படிப்பதும் எழுதுவதும் உள்ளே ஒரே நிலைத் தகவலைத்தான் மாற்றுகின்றன. ஆகவே ஒரு இணைப்புக்கு ஒரு த்ரெட். முடியாவிட்டால் அந்த இணைப்பைச் சுற்றி, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் ஒரு லாக்.

2016 ஆகஸ்டில் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.0 வரும்வரை நிலைமை இன்னும் மோசம். நூலகத்தின் உள்வேலைகளுக்குத் தேவையான லாக்கையே அதைப் பயன்படுத்தும் புரோகிராமர்தான் எழுதித் தர வேண்டும். மறந்துவிட்டால் எச்சரிக்கை எதுவும் வராது, கூட்டம் ஏறும் நாளில் நிரல் விழும். 1.1.0 அந்தச் சுமையைத் தானே ஏற்றுக்கொண்டது. அதை வைத்து ‘இனி எல்லாமே பத்திரம்’ என்று பலரும் நினைத்துக்கொண்டார்கள். நூலகம் தன் வீட்டைத்தான் பூட்டிக்கொண்டது. உங்கள் இணைப்பை யார் தொடலாம் என்பதை இன்றைக்கும் நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இந்த வகைத் தவறு சோதனையில் சிக்காது. ஒரு ஆள், ஒரு போன் என்று சோதிக்கும்போது எல்லாம் சரியாகத்தான் ஓடும். காரணம் தேட இரண்டு வரி பிரிண்ட் போட்டால், அந்தச் சிறு தாமதத்திலேயே இரண்டு த்ரெட்டுகளும் மோதாமல் விலகிப்போய்விடும். தவறு மறைந்துவிட்டது என்று பிரிண்டை எடுத்தால் திரும்ப வந்து நிற்கும். இதற்கென்றே த்ரெட்சானிடைசர் என்ற கருவி இருக்கிறது. ஜிசிசியிலும் கிளாங்கிலும் கம்பைல் செய்யும்போது ஒரு ஆப்ஷன் சேர்த்தால் போதும், எந்த இரண்டு த்ரெட்டுகள் எந்த வரியில் மோதின என்று சொல்லிவிடும். நிரல் பல மடங்கு மெதுவாக ஓடும், பரவாயில்லை, சோதனைக்குத்தானே.

வடபழஞ்சி எல்காட் ஐடி வளாகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டித்தான் போகிறார்கள். அதே சாலையில்தான் பல்கலைக்கழகமும் இருக்கிறது. பாடத்தில் த்ரெட் என்றால் பதில் எழுதி மார்க் வாங்கும் கேள்வியாகவே பலருக்கும் முடிந்துபோகிறது. அந்தச் சாலையில் போகும் தம்பி தங்கைகளிடம் இரண்டு வேண்டுகோள். உங்கள் நிரலில் ஒவ்வொரு இணைப்பையும் எத்தனை த்ரெட்டுகள் தொடுகின்றன என்று ஒரு முறை உட்கார்ந்து எண்ணுங்கள். அப்படியே உங்கள் சர்வரில் ஓடும் ஓப்பன்எஸ்எஸ்எல் எந்தப் பதிப்பு என்றும் பாருங்கள். லாக்கை நீங்களே எழுதித் தர வேண்டிய கடைசிப் பதிப்பான 1.0.2-க்குப் பொது ஆதரவு 2019 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது.

(தொடரும்)