செம்பனைக் கழிவும் நிலக்கரி அடுப்பும்



செம்பனை ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு வெறுங்குலைக் குவியல் புதிதல்ல. நூறு கிலோ குலை ஆலைக்குள் போனால், பழம் உதிர்ந்தபின் சுமார் 22 கிலோ வெறுங்குலையாக வெளியே வருகிறது. நாரையும் ஓட்டில் ஒரு பகுதியையும் ஆலையின் பாய்லரே எரித்துக்கொள்கிறது.

இந்தக் கழிவுகளை மின் நிலையத்தில் நிலக்கரியோடு கலந்து எரித்தால் அந்த அளவுக்கு நிலக்கரி மிச்சமாகுமே என்பது யோசனை. 2023-இல் மலேசிய அரசாங்கம் வெளியிட்ட எரிசக்தித் திட்டத்திலும் இது இடம்பெற்றது. ஜொகூர், தஞ்சோங் பின் நிலையத்தில் முதலில் சோதித்துப் பார்ப்பது, 2027-க்குள் உயிர்ப்பொருளின் பங்கைக் குறைந்தது 15 விழுக்காட்டுக்குக் கொண்டுவருவது என்பது அந்தத் திட்டம்.

எரியும் பொருள்தானே, அள்ளிப் போட வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். ஆனால் புதிய வெறுங்குலையில் பாதிக்கு மேல் தண்ணீர். ஈர விறகோடு போராடிய தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அத்தோடு, நிலக்கரியை முகப்பவுடர்போல அரைத்துக் காற்றோடு ஊதித்தான் எரிக்கிறார்கள். தேங்காய் மட்டையை உரலில் இடித்தால் மாவாகுமா? குலை நாரும் அப்படித்தான். நசுங்குமே தவிர பொடியாகாது.

இவற்றைவிடப் பெரிய தொல்லை சாம்பலில் இருக்கிறது. நாம் மரத்தடியில் போடும் பொட்டாஷ் உரத்தில் நல்ல பங்கு குலைக்குள் போய்ச் சேர்கிறது. மரத்துக்கு அது உணவு; அடுப்புக்கோ பகை. பொட்டாஷ் மிகுந்த சாம்பல் குறைந்த சூட்டிலேயே இளகி, வெல்லப்பாகுபோலக் குழாய்களில் ஒட்டி இறுகிவிடும். ஆலை பாய்லரில் இரும்புக் கம்பியால் கசடு சுரண்டியவர்கள் நம்மில் உண்டு. பல மாடி உயர மின் நிலைய அடுப்பை அப்படி அடிக்கடி நிறுத்திச் சுரண்ட முடியுமா?

ஆகவேதான் முன்கூட்டிச் சோதிக்கிறார்கள். சாம்பலைச் சிறு கூம்பாகப் பிடித்து உலையில் வைத்துச் சூட்டை ஏற்றுவார்கள். கூம்பின் முனை எந்தச் சூட்டில் மழுங்குகிறது, எப்போது உருகிப் பரவுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு, உயரமான சூடேறிய குழாயில் கலவைத் தூளை மேலிருந்து விழவிட்டு, சில விநாடிகளில் எவ்வளவு எரிந்தது என்று பார்ப்பார்கள்.

இந்த அளவுகள் கணினிக்குப் போகின்றன. கணினி அந்தப் பெரிய அடுப்பை இலட்சக்கணக்கான சிறு பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்று, சூடு, தூளின் ஓட்டம் ஆகியவற்றைக் கணக்கிடும். சாம்பல் எங்கே படியும் என்பதையும் ஓரளவு காட்டும். ஓரளவு என்றுதான் சொல்கிறோம். கொடுத்த அளவு தப்பானால் கணக்கும் தப்பு. ஒரு தோட்டத்துக் குலை மற்றொரு தோட்டத்துக் குலைபோல் இருப்பதில்லை. நிலக்கரியும் சுரங்கத்துக்குச் சுரங்கம் வேறு. அதனால் கணினி சரியென்று சொன்ன பிறகும், உண்மையான அடுப்பில் மிகச் சிறிய பங்கிலேயே தொடங்குகிறார்கள்.

குலையை நசுக்கித் தண்ணீரில் அலசினால் பொட்டாஷில் பெரும்பகுதி கரைந்துவிடும். அந்த நீரைத் தோட்டத்துக்கே விடலாம். ஆனால் அலசிய குலையை மறுபடி உலர்த்தச் செலவாகுமே!

ஓட்டில் இந்தச் சங்கடங்கள் குறைவு. ஈரமும் குறைவு, பொட்டாஷும் குறைவு. ஜப்பான் மின் நிலையங்கள் நம் வட்டாரத்து ஓட்டைக் கப்பலில் வரவழைப்பது அதனால்தான். வெறுங்குலையோ வரிசைகளுக்கிடையே பரப்பினால் மண்ணுக்கு ஈரமும் பொட்டாஷும் தருகிறது. அதை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டால், அதே பொட்டாஷை மூட்டையாக விலைக்கு வாங்கியாக வேண்டும். மின் நிலையம் தரும் விலையோடு இந்த உரச்செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பதே முறை என்பது எங்கள் எண்ணம்.