கொக்கல களப்பின் கேட்டலினா

இரண்டாம் உலகப் போர் விமானங்கள் என்றதும் ஸ்பிட்ஃபயரும் ஜீரோவும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். கேட்டலினாவை நினைப்பவர்கள் குறைவு. தண்ணீரிலிருந்தே எழும்பித் தண்ணீரிலேயே இறங்கும் ரோந்து விமானம் அது. வேகம் போதாது, ஆனால் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க இறங்காமல் கடலைக் கண்காணிக்கும்.

1942 ஏப்ரல் 4. இலங்கையில் காலிக்கு அருகே உள்ள கொக்கல களப்பிலிருந்து ஒரு கேட்டலினா ரோந்துக்குக் கிளம்பியது. ஓட்டியவர் கனடா விமானப் படையின் லெனார்ட் பிர்ச்சல். இலங்கைக்கு வந்து சில நாள்கூட ஆகவில்லை. திரும்பும் நேரத்தில், தொடுவானத்தில் புள்ளிகள் தெரிந்தன. நெருங்கிப் பார்த்தார். பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய அதே ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பற்படை! செய்தியைக் கம்பியில்லாத் தந்தியில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜீரோக்கள் சூழ்ந்து சுட்டு வீழ்த்தின. ஒன்பது பேரில் மூவர் இறந்தனர். பிர்ச்சல் உட்பட ஆறு பேர் போர் முடியும்வரை ஜப்பானியரிடம் கைதிகளாக இருந்தனர்.

மறுநாள், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பின் மீது குண்டு விழுந்தது. சேதம் இருந்தது, ஆனால் இலங்கை முன்னெச்சரிக்கை பெற்றிருந்தது. அந்தப் பெருமை கேட்டலினாவுக்கே உரியது.

1943 முதல் இதே கொக்கலவுக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் இடையே குவாண்டாஸ் நிறுவனம் கேட்டலினாக்களை இயக்கியது. ஒரே பயணத்தில் இருமுறை சூரிய உதயம் பார்க்கலாம். சில பயணங்கள் 30 மணி நேரத்தையும் தாண்டின. போர் முடிந்தபின் அந்த விமானங்களை ஆஸ்திரேலியக் கடலிலேயே மூழ்கடித்துவிட்டார்கள்.