சாக்கடைக் கசடில் மின்சாரம், எருவில் எச்சரிக்கை

சாண எரிவாயுக் கலன் வைத்திருக்கும் விவசாயிக்கு இந்த முறை புதிதல்ல. காற்றுப் புகாத கலனில் சாணம் நொதித்து எரிவாயு தருவதைப் போலவே நகரத்துச் சாக்கடைக் கசடும் தருகிறது. சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில், 2005-ஆம் ஆண்டை ஒட்டி, இவ்வாறு மின்சாரம் எடுக்க இயந்திரங்கள் நிறுவப்பட்டன.

கழிவுநீரைத் தொட்டிகளில் தேக்கினால் கசடு அடியில் படியும். அதை மூடிய கலனில் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 20 நாட்களுக்குக் குறையாமல் வைத்தால் நுண்ணுயிர்கள் வாயுவாக மாற்றுகின்றன. அதில் 100-க்கு ஏறத்தாழ 60 பங்கு மீத்தேன். எஞ்சினை அரிக்கும் ஹைட்ரஜன் சல்பைடை நீக்கிய பிறகு, ஒரு கன மீட்டர் வாயுவிலிருந்து ஏறக்குறைய 2 யூனிட் மின்சாரம் எடுக்கலாம். நீரில் காற்றைச் செலுத்தும் இயந்திரங்களுக்கு ஆகும் மின்செலவில் ஒரு பகுதி இதனால் மிச்சமாகிறது.

வாயு போக மிஞ்சும் கசடை உலர்த்தினால் எருவாகும். அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. சாம்பல் சத்து குறைவு. ஆனால் சாணக் கரைசலைப் போல இதை அப்படியே வயலில் இடக் கூடாது. ஆலைக் கழிவு கலந்திருந்தால் ஈயம், காட்மியம், குரோமியம் போன்றவை இருக்கும்; மண்ணில் சேர்ந்தால் எளிதில் போகாது. குடற்புழு முட்டைகளும் தங்கியிருக்கலாம்.

எனவே எரு இலவசம் என்று வண்டி கட்டுவதற்கு முன் பரிசோதனை அறிக்கையைக் கேட்டுப் பார்க்க வேண்டும். கீரைக்கும், பச்சையாக உண்ணும் காய்கறிக்கும் இந்த எரு வேண்டாம்.